வேலூர் மாநகராட்சி பென்ஷன், ரிட்டயர்டு ஆனவங்க ஆஸ்பத்திரி செலவு: இதுக்கு பணம் எங்க எடுத்து வெச்சிருக்காங்க?

தோட்டப்பாளையம்_கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் விஷயம்னா ரோடு, குப்பை, பாதாள சாக்கடை, பாலாத்து தண்ணி இதத்தான் பேசிக்கினு இருக்கோம். ஆனா மாநகராட்சி கணக்குல யாருமே கண்ணு வெக்காத ஒரு செலவு கீது, ரிட்டயர்டு ஆனவங்க பென்ஷனும் அவங்க வைத்திய செலவும். நான் நகராட்சி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன், அதனால இத கொஞ்சம் விவரமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

இன்னிக்கு தெரு கூட்டற ஒரு பர்மனென்ட் அம்மாவுக்கு இன்னிக்கு சம்பளம் குடுத்துட்டா கணக்கு தீர்ந்துடுச்சுன்னு நினைக்கிறோம், தீரல. அவங்க வேலை செய்யற ஒவ்வொரு மாசமும் நாளைக்கு குடுக்க வேண்டிய பென்ஷன்ல ஒரு துண்டு கடனா ஏறிக்கினே வருது. உதாரணத்துக்கு ரிட்டயர்டு ஆகும்போது சம்பளம் 40,000, பென்ஷன் பாதி 20,000னு வெச்சுக்குங்க. 60 வயசுல வெளிய வந்து 80 வரைக்கும் இருந்தா 20 வருஷம், வருஷத்துக்கு 2,40,000, மொத்தம் 48 லட்சம். அகவிலைப்படி விலைவாசியோட சேர்ந்து ஏறும், அதனால வட்டில விலைவாசி போக மிச்சம் 3 சதவீதம்தான்னு கணக்கு போட்டா, ரிட்டயர்டு ஆகற அன்னிக்கே அவங்க பேர்ல சுமார் 36 லட்சம் தயாரா இருக்கணும். இத 35 வருஷ சர்வீஸ் முழுக்க எடுத்து வெச்சா அதே மதிப்புல மாசம் கிட்டத்தட்ட 5,000 போதும். கடைசி 15 வருஷத்துலதான் முழிச்சுக்குவோம்னா மாசம் 16,000க்கு மேல. அதே அம்மா, அதே பென்ஷன், லேட்டா ஆரம்பிச்சதுக்கு மட்டும் மூணு மடங்கு.

2003 ஏப்ரல் 1க்கு முன்னாடி சேர்ந்தவங்களுக்கு பழைய பென்ஷன். "அதெல்லாம் பழைய ஆளுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்"னு சொல்றாங்க. 2002ல 25 வயசுல சேர்ந்த ஒருத்தர் 60 வயசுல, 2037லதான் வெளிய வருவாரு. அவருக்கும், அவருக்கு அப்புறம் அவங்க வீட்டம்மாவுக்கு குடும்ப பென்ஷனும் சேர்த்தா 2060 தாண்டியும் பணம் போயிக்கினே இருக்கும்.

இப்ப இன்னா நடக்குதுன்னா, பென்ஷன் பிரபோசல் உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு போய் சரிபார்த்து வருது, உள்ளாட்சி அமைப்பு தன் பங்குக்கு பென்ஷன் கான்ட்ரிபூஷன் கட்டணும், அந்தப் பணம் பல நேரம் மாநில நிதிக்குழு மானியத்துல இருந்தே நேரா பிடிச்சிடுவாங்க, மீதிதான் நம்ம கைக்கு வரும். இந்தப் பங்கு வேலையில இருக்கறவங்க சம்பளத்த வெச்சு போடறது. பென்ஷன் வாங்கறவங்க ரிட்டயர்டு ஆனவங்க. பர்மனென்ட் ஆள் குறைஞ்சுக்கினே போனா கட்டற பக்கம் சுருங்குது, வாங்கற பக்கம் வளருது. என் கவலை இதுதான்.

லாங்பஜார்_கடை:

சார் நீங்க சொல்றது புரியுது, ஆனா எங்க பக்கத்தயும் கேளுங்க. 2022ல தமிழ்நாடு முழுக்க சொத்து வரி 25 சதவீதத்துல ஆரம்பிச்சு 150 சதவீதம் வரைக்கும் ஏத்துனாங்க, அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஏத்தறதுக்கும் விதி வெச்சாங்க. கட்டிட்டுதான் இருக்கோம். மழை பேஞ்சா பஜார் தெருவுல முட்டி அளவு தண்ணி. நாங்க கட்டற வரி ரிட்டயர்டு ஆனவங்களுக்கே போயிட்டா கால்வாய் யாரு தூர் வாருவாங்க? புது ஆளுகிட்ட வாங்கி பழைய ஆளுக்கு குடுக்கற சீட்டு கம்பெனி மாதிரிதான இருக்குது இது? பென்ஷனே வேணாம், சம்பளத்த கொஞ்சம் கூட போட்டு குடுத்து அவங்களையே சேத்து வெச்சுக்க சொல்லுங்க, கணக்கு அன்னிக்கே முடிஞ்சுரும்.

வேலப்பாடி_பெரியவர்:

கடைக்கார தம்பி, உங்க தெரு கால்வாய்க்குள்ள கைய விட்டு அடைப்பு எடுத்தவங்களுக்குதான்பா அந்த பென்ஷன். 1982 டிசம்பர் 17ல சுப்ரீம் கோர்ட்டு நகாரா கேஸுல சொல்லியாச்சு, பென்ஷன் யாரும் பாத்து போடற கருணைத்தொகை இல்ல, செஞ்ச வேலைக்கு சேரவேண்டியதுன்னு. அதனாலதான் டிசம்பர் 17 பென்ஷனர் தினம்னு கும்பிடறோம். வேலைக்கு சேரும்போது சம்பளம் கம்மின்னு தெரிஞ்சும் பென்ஷன் கீதுன்னுதான் சேர்ந்தோம்.

குடியாத்தம்_மிச்சிகன்:

அண்ணே, இந்த இழைய பாத்ததும் எழுதாம இருக்க முடியல. சொந்த ஊர் குடியாத்தம், இப்ப இருக்கறது அமெரிக்காவுல மிச்சிகன்ல. டெட்ராய்ட் பக்கத்துலயே இருக்கறதால சொல்றேன், நீங்க மேல எழுதுன "கட்டற பக்கம் சுருங்குது வாங்கற பக்கம் வளருது" அதேதான் இங்க ஒரு பெரிய ஊரையே கவுத்துச்சு.

1950ல அந்த ஊர் ஜனத்தொகை 18 லட்சத்துக்கு மேல, 2010 கணக்கெடுப்புல 7 லட்சத்து 13 ஆயிரம் சொச்சம். கார் கம்பெனிங்க வெளிய போச்சு, ஜனம் போச்சு, வரியும் போச்சு. ஆனா 18 லட்சம் பேருக்கு வேலை பாத்த போலீஸ்காரங்க, ஃபயர் சர்வீஸ், குப்பை வண்டி டிரைவருங்க எல்லாரும் பென்ஷன்ல இருந்தாங்க. 2013 ஜூலைல திவால் மனு போட்டப்ப கடன் சுமார் 18 பில்லியன் டாலர். வேலையில இருந்தவங்க 10,000 பேர் சுமாருக்கு, ரிட்டயர்டு ஆனவங்க அதுக்கு ரெண்டு மடங்கு.

இதுல ரொம்ப முக்கியமா கவனிக்க வேண்டியது பென்ஷன் பள்ளம், அதாவது எடுத்து வெச்சிருக்க வேண்டியதுல குறையற பணம், எவ்ளோன்னு கணக்கு சொன்ன விதம். ஊர் கணக்குல காட்டுனது 644 மில்லியன், வெளியில இருந்து வந்த அவசரகால மேலாளர் கெவின் ஆர் மறுபடி போட்டு பாத்துட்டு 3.5 பில்லியன்னாரு. ஆளுங்க அதேதான், பென்ஷன் அதேதான், போட்ட பணத்துக்கு எவ்ளோ வட்டி வரும்னு வெச்ச நம்பிக்கைதான் பெரிய வித்தியாசம். நம்ம கணக்குல சொன்னா, 20 வருஷம் கழிச்சு 1 கோடி வேணும், 7 சதவீதம் வரும்னு நம்புனா இன்னிக்கு 26 லட்சம் வெச்சா போதும்னு தோணும், 4 சதவீதம்தான் வரும்னா 46 லட்சம் வெக்கணும். எந்த நம்பர எழுதணும்னு முடிவு பண்றவங்க அடுத்த எலெக்‌ஷன பாத்து எழுதுனா எப்பவும் பெரிய வட்டியத்தான் எழுதுவாங்க.

இன்னொண்ணு, 2005ல பென்ஷன் பள்ளத்த அடைக்கறேன்னு 1.4 பில்லியன் டாலருக்கு மேல கடன் பத்திரம் போட்டு வாங்குனாங்க, அது வட்டி ஒப்பந்தத்துல மாட்டி இன்னும் பெரிய பள்ளமாச்சு. கடன் வாங்கி பென்ஷன் ஃபண்டுல போடறத யாராவது நம்ம ஊர்ல யோசனையா சொன்னா தயவுசெஞ்சு நிறுத்துங்க.

சத்துவாச்சாரி_இன்ஜினியர்:

அண்ணா, கடைசில அந்த ரிட்டயர்டு ஆளுங்களுக்கு இன்னா ஆச்சு?

குடியாத்தம்_மிச்சிகன்:

தம்பி, பொதுப்பிரிவு ஆளுங்களுக்கு மாசாமாசம் வர பென்ஷன்ல 4.5 சதவீதம் வெட்டு, வருஷா வருஷம் விலைவாசிக்கு ஏத்தறதும் போச்சு. போலீஸ், ஃபயர் ஆளுங்களுக்கு பென்ஷன் வெட்டல, விலைவாசி ஏத்தத்த மட்டும் குறைச்சாங்க. இவ்ளோ கம்மியா வெட்டுனதுக்கே காரணம், ஊர் மியூசியத்துல இருந்த ஓவியங்கள வித்துடக்கூடாதுன்னு அறக்கட்டளைங்களும் மாநில அரசும் சேர்ந்து 800 மில்லியன் டாலருக்கு மேல குடுத்தாங்க. மிச்சிகன் அரசியல் சட்டத்துல பென்ஷன கைவைக்க கூடாதுன்னு எழுதியே இருக்கு, இருந்தும் 2013 டிசம்பர்ல ஃபெடரல் ஜட்ஜ் திவால்ல அது செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னாரு.

ஆனா வைத்திய செலவுதான் கொடுமை. டெட்ராய்ட் ரிட்டயர்டு ஆளுங்களுக்கு தரேன்னு சொன்ன ஆஸ்பத்திரி காப்பீட்டுக்கு எடுத்து வெக்காத கடன் 5.7 பில்லியன், பென்ஷன் பள்ளத்த விட பெருசு. அதுல பெரும்பங்கு போயிடுச்சு. கலிபோர்னியாவுல ஸ்டாக்டன் ஊர்ல பென்ஷன தொடல, ஆனா ஆஸ்பத்திரி செலவுக்கு 54 கோடி டாலர் சுமாருக்கு வரவேண்டியத 51 லட்சம் டாலர்ல முடிச்சுட்டாங்க, ரூபாய்க்கு ஒரு பைசா. அதே மாநிலத்துல வயேஹோ ஊரும் அப்படித்தான், பென்ஷன் தப்புச்சு, ஆஸ்பத்திரிக்கு மாசம் 300 டாலர்னு குறைச்சாங்க. ரோட் ஐலண்ட்ல சென்ட்ரல் ஃபால்ஸ்னு சின்ன ஊர், 2011ல பென்ஷனே 55 சதவீதம் வரைக்கும் போச்சு. பெரும்பாலும் முதல்ல கத்தி விழறது வைத்தியத்து மேலதான், ஏன்னா பென்ஷனுக்கு இருக்கற அளவுக்கு சட்டப் பாதுகாப்பு அதுக்கு கிடையாது, எடுத்து வெச்ச ஃபண்டும் கிடையாது.

வேலப்பாடி_பெரியவர்:

இத படிச்சதும் வயிறு எரியுது. நம்ம ஊர் நிலைமைய நான் சொல்றேன். பென்ஷனர் ஹெல்த் இன்சூரன்ஸ்க்கு 2014ல மாசம் 150 பிடிச்சாங்க, 2018ல 350, 2022ல 497. அந்த 2022 திட்டத்துல நாலு வருஷத்துக்கு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து 5 லட்சம். படுத்தாதான் பணம். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, ரத்த டெஸ்ட், கண்ணு டாக்டர் ஃபீஸ் இதெல்லாம் நம்ம பாக்கெட். அதுக்கு மருத்துவப்படின்னு மாசம் 300 ரூபா வருது, ஒரு இன்சுலின் பேனாவுக்கு கூட காணாது.

எங்க வீட்டம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் பண்ணும்போது பேப்பர்ல கேஷ்லெஸ்னு போட்டிருந்தும் ஆஸ்பத்திரில முன்பணம் கட்டுன்னாங்க. பில்லுல பாதிதான் இன்சூரன்ஸ்ல வந்துச்சு, மீதிக்கு நகைய வெச்சேன். வேலூருக்கு இந்தியா முழுக்க இருந்து வைத்தியத்துக்கு வராங்க, அசாம் பெங்கால்ல இருந்து ரயில்ல வந்து இறங்கறாங்க, அந்த ஊரோட தெருவ 30 வருஷம் பாத்துக்கினவனுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறதுக்கே பயமா இருக்குது. யாருக்காவது இந்த மாதிரி மீதி நின்னுச்சுன்னா விடாதீங்க, கலெக்டர் தலைமைல மாவட்ட கமிட்டி ஒண்ணு கீது, பில்லோட மனு குடுங்க.

தோட்டப்பாளையம்_கணக்கு:

ஐயா சொன்ன 150, 350, 497 இத கவனிங்க. எட்டு வருஷத்துல மூணு மடங்குக்கு மேல. பென்ஷன்ல பிடிக்கறது ஏறுது, ஆனா வயசானவங்க குரூப்ப மட்டும் தனியா காப்பீடு பண்ணா ப்ரீமியம் ஏறத்தான் செய்யும், ஏன்னா அதுல க்ளெய்ம் பண்ணாத ஆளே கம்மி. வேலையில இருக்கற 30 வயசு பசங்களையும் 70 வயசு ஆளுங்களையும் ஒரே குளத்துல போட்டாதான் பாரம் பரவும். இங்க ரெண்டு ஸ்கீமும் தனித்தனி. வைத்திய செலவு விலைவாசிய விட வேகமா ஏறுது, ஆயுசும் ஏறுது, ரெண்டும் சேர்ந்தா பென்ஷன விட இதுதான் பின்னாடி பெருசா நிக்கும். ஆனா எந்த உள்ளாட்சி பேலன்ஸ் ஷீட்லயும் இதுக்குன்னு ஒரு வரி நான் பாத்ததில்ல. அமெரிக்காவுல 2017க்கு அப்புறம் இந்த வைத்திய கடன முழுசா பேலன்ஸ் ஷீட்ல காட்டியே ஆகணும்னு கணக்கு விதி வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டு உள்ளாட்சில 2000 வாக்குலயே வரவு செலவு முறையில இருந்து அக்ரூவல் முறைக்கு, அதாவது இன்னும் குடுக்காத பாக்கியையும் கடனா எழுதற முறைக்கு வந்துட்டோம், அப்படிப் பாத்தா நாமதான் முன்னாடி நிக்கணும்.

சத்துவாச்சாரி_இன்ஜினியர்:

நான் சிபிஎஸ் ஆளு, அதாவது 2003 ஏப்ரலுக்கு அப்புறம் சேர்ந்தவங்களுக்கு வெச்ச பங்களிப்பு பென்ஷன். சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 10 சதவீதம் எங்ககிட்ட பிடிக்கறாங்க, அதே அளவு நிர்வாகம் போடணும். லாங்பஜார் அண்ணன் கேட்ட மாதிரி "அன்னிக்கே கணக்க முடி" அதுதான் இது. ஆனா சிபிஎஸ் விதில சர்வீஸ்ல செத்துப்போனா எங்க வீட்டுக்கு குடும்ப பென்ஷன் கிடையாது, எங்க பேட்ச்ல ஒருத்தர் அப்படி போயி அவர் வீட்டம்மா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சத கண்ணால பாத்தோம். பளு முழுக்க ஆள் தலைல ஏறுது.

2025 ஏப்ரல்ல இருந்து சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுல யூபிஎஸ்னு உறுதி பென்ஷன் திட்டம், 25 வருஷ சர்வீஸ்க்கு கடைசி 12 மாச அடிப்படை சம்பள சராசரில பாதி, ஊழியர் 10 சதவீதம், அரசு 18.5 சதவீதம். இங்க தமிழ்நாட்டுல 2026 ஜனவரில டாப்ஸ்னு உறுதி பென்ஷன் திட்டம் அறிவிச்சாங்க, கடைசி சம்பளத்துல 50 சதவீதம், நாம 10 சதவீதம், மீதி தேவைப்படறத அரசு போடும்னு. எனக்கு சந்தோஷம்தான், ஆனா கணக்கு சார் எழுதுனத படிச்சப்புறம் ஒரு கேள்வி, மாநகராட்சி ஆளுங்க விஷயத்துல அந்த "மீதி" யார் தலைல? கோட்டைல இருந்து வருமா, இல்ல நம்ம மானியத்துல பிடிப்பாங்களா? மானியத்துலன்னா அடுத்த 30 வருஷத்துக்கு நம்ம ஊர் ரோடு பணத்துல இருந்துதான் அது போகும், அத இப்பவே எழுத்துல வாங்கணும்.

அப்புறம் ரிட்டயர்மென்ட் வயசு 2020ல 58ல இருந்து 59, 2021ல 60 ஆச்சே, அதுல அந்த ரெண்டு வருஷமும் பணிக்கொடை, கம்யூடேஷன் (பென்ஷன்ல ஒரு பங்க முன்கூட்டியே வாங்கிக்கறது)னு மொத்தமா குடுக்க வேண்டியது தள்ளித்தான் போச்சு, தீரல. தள்ளிப்போட்டது இப்ப சேர்ந்து வருது.

லாங்பஜார்_கடை:

தம்பி அந்த கடைசி கேள்வி நியாயமான கேள்வி. வரி கட்டறவன் கேக்க வேண்டியதும் அதுதான். சரி, ஒண்ணு சொல்லுங்க, அதான் இப்பல்லாம் கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கறாங்களே, அதுல பென்ஷன் பாரமே இல்லையே, நகராட்சிக்கு மிச்சம்தான?

கொசப்பேட்டை_அக்கா:

மிச்சம் இல்ல அண்ணா. எங்க அம்மா கான்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர், அதனால இத நான் சொல்லியாகணும்.

2022 அரசாணை 152க்கு அப்புறம் மாநகராட்சில எவ்வளவோ பர்மனென்ட் வேலைங்கள அவுட்சோர்சிங்க்கு விட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு எங்கம்மா வண்டி தள்ளிக்கினு போற தெரு அதேதான், முன்னாடி அந்தத் தெருவ பாத்த பர்மனென்ட் அம்மா பென்ஷன்ல கீறாங்க, எங்கம்மாவுக்கு பிஎஃப்ல வர பென்ஷன்தான், அது குறைஞ்சபட்சம் மாசம் 1,000 ரூபா, 2014ல வெச்சது. அதுவும் 10 வருஷம் சர்வீஸ் சேர்ந்தாதான். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய நம்பர் போயி புது நம்பர், பழைய பணம் எங்கன்னு எங்கம்மாவுக்கு தெரியாது, நான்தான் யூஏஎன், அதாவது ஒரு ஆளுக்கு ஒரே பிஎஃப் நம்பர், அத வெச்சு ஒவ்வொண்ணா சேர்த்தேன். வேலையில இருக்கற வரைக்கும் இஎஸ்ஐ கீது. ரிட்டயர்டு ஆனப்புறம் வருஷம் 120 ரூபா கட்டுனா அவங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இஎஸ்ஐ வைத்தியம் தொடரும்னு விதி இருக்கு, அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ்ல இருந்து வயசாகி ஓய்வு பெற்றவங்களுக்கு. இத எத்தனை பேருக்கு சொல்லி குடுத்தாங்க? யாருக்கும் சொல்லல. காண்ட்ராக்டர் விட்டு அனுப்பும்போது ஓய்வுன்னு பேப்பர் குடுக்காம வேலைய விட்டு நின்னதா போட்டுட்டா அந்த உரிமைய நிரூபிக்கவே போராடணும்.

மிச்சம்னு சொல்றீங்களே, அந்தக் கடன் எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. அம்மாவுக்கு மூச்சு வாங்கற நோய் வந்தா நான்தான் சம்பளத்துல பாக்கணும்.

தோட்டப்பாளையம்_கணக்கு:

அக்கா எழுதுனதுக்கு மேல நான் கணக்கு வாத்தியாரா எதுவும் சேக்கல, ஒண்ணு மட்டும். கான்ட்ராக்ட்ல விட்டா புது பென்ஷன் கடன் ஏறாது, சரி. ஆனா பழைய கடன் ஒரு பைசா குறையாது, அதுக்கு பங்கு கட்ட இருந்த பர்மனென்ட் சம்பளப் பட்டியல்தான் சுருங்குது. அதாவது மிச்சம் பண்றோம்னு நினைச்சு பழைய ஆளுங்க பென்ஷனுக்கு இருந்த வழிய அடைக்கறோம், புது ஆளுங்கள வெறுங்கையோட அனுப்பறோம். ரெண்டு பக்கமும் நஷ்டம் தொழிலாளிக்கு.

எனக்கு தெரிஞ்ச வழிய சொல்றேன். பென்ஷனுக்கு தனி ஃபண்டு, அதுல இருந்து ரோடு கான்ட்ராக்டர் பில்லுக்கோ கரெண்டு பில்லுக்கோ ஒரு ரூபா கூட கைமாத்தா எடுக்க கூடாதுன்னு மன்றத் தீர்மானம். குடிநீர் நிதி, வருவாய் நிதின்னு தனித்தனியா கணக்கு வெச்சிருக்கோமே, அதுல ஒண்ணுல பணம் முட்டுனா இன்னொண்ணுல இருந்து மாத்தற பழக்கம் எல்லா ஊர்லயும் கீது, அந்தப் பழக்கம் இந்த ஃபண்டு பக்கம் வரவே கூடாது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஆக்சுவரிய (ஆயுசு, வட்டி பாத்து எதிர்காலக் கடன கணக்கு போடற நிபுணர) வெச்சு மொத்தக் கடன் எவ்ளோன்னு மதிப்பு போட்டு, அதுவும் நிச்சயமா வரக்கூடிய வட்டிய வெச்சு போட்டு, பட்ஜெட் கூட்டத்துல படிக்கணும். 60 வார்டு கவுன்சிலருங்களும் அந்த நம்பர கேக்கணும். வரி ஏத்தும்போது அதுல இவ்ளோ பழைய பென்ஷன் பாக்கிக்கு, இவ்ளோ கால்வாய்க்குன்னு பிரிச்சு சொன்னா லாங்பஜார்காரங்களும் ஒத்துப்பாங்கன்னு நம்பறேன்.

லாங்பஜார்_கடை:

பிரிச்சு சொன்னா ஒத்துக்கறேன் சார். எனக்கு கோவமே எதுக்கு போகுதுன்னு தெரியாம கட்டறதுலதான். அக்கா, உங்க அம்மா விஷயம் எனக்கு தெரியாது, எங்க கடை வாசல்லயும் கான்ட்ராக்ட் அம்மாதான் கூட்டறாங்க. பென்ஷனே வேணாம்னு எழுதுனத எடுத்துக்கறேன். ஆனா அந்த மொத்த நம்பர் வந்தே ஆகணும்.

குடியாத்தம்_மிச்சிகன்:

நம்பர் கேக்க ஆர்டிஐ போடுங்க அண்ணே. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் குடுக்கணும்.

தோட்டப்பாளையம்_கணக்கு:

வாசகம் போட்டுட்டேன், பாத்து சொல்லுங்க. பொதுத் தகவல் அலுவலர், வேலூர் மாநகராட்சி. கடந்த 10 வருஷத்துக்கு வருஷவாரியா, மார்ச் 31 அன்னிக்கு பணியில இருந்த நிரந்தர ஊழியர் எண்ணிக்கை, பென்ஷன் மற்றும் குடும்ப பென்ஷன் வாங்கறவங்க எண்ணிக்கை, செலுத்த வேண்டியிருந்த பென்ஷன் பங்களிப்பு, செலுத்துன தொகை, நிலுவை. சிபிஎஸ்ல பிடித்தம் செஞ்ச தொகை, நிர்வாகப் பங்கு, ரெண்டும் கணக்குல ஏறிய தேதி. பென்ஷன் கடனுக்கு ஆக்சுவரி மதிப்பீடு செஞ்சிருந்தா அந்த அறிக்கையோட நகல், செய்யலன்னா செய்யலன்னு எழுத்துல. டாப்ஸ் திட்டத்துல மாநகராட்சி ஊழியர்களுக்கான மீதித் தொகைய யார் ஏத்துக்கறாங்கன்னு வந்த கடிதம், சுற்றறிக்கை ஏதாவது இருந்தா நகல்.

கொசப்பேட்டை_அக்கா:

சார், இதையும் சேருங்க. ஒவ்வொரு தூய்மைப் பணி கான்ட்ராக்டர் பில்லு பாஸ் பண்றதுக்கு முன்னாடி பிஎஃப், இஎஸ்ஐ சலான் வாங்கி சரிபார்த்தாங்களா, அந்த சலான் நகலும், தொழிலாளி வாரியான பட்டியலும். வேலை குடுக்கற முதன்மை முதலாளி மாநகராட்சிதான், அந்தப் பொறுப்பு அவங்களுக்கு கீது.

தோட்டப்பாளையம்_கணக்கு:

சேத்துட்டேன்மா, அது முதல் கேள்வியாவே போகட்டும். வேலப்பாடி ஐயா, உங்க ஆஸ்பத்திரி பில்லும் இன்சூரன்ஸ் லெட்டரும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க, கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்கு மனு நானே எழுதித் தரேன். ஆர்டிஐ திங்கக்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல போடறேன், பதில் வந்ததும் பக்கம் பக்கமா இங்கயே ஏத்தறேன்.